செம்பில் நிலைத்த முகம்

மன்னர்களின் முகங்களை நாணயங்கள் காத்துத் தருகின்றன. மன்னருக்கு அருகே நின்று நாட்டை நடத்தியவர்களின் முகங்களைக் காத்துத் தருவது எது? பதினேழாம் நூற்றாண்டின் பிரான்சு நாட்டில் அந்தப் பணியைச் செப்புத் தகடு செய்தது. ஒளிப்படக் கருவி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அமைச்சர், நீதிபதி, பேராயர் ஆகியோரின் முகங்களைச் செம்பிலே செதுக்கி, மையிட்டு, தாளிலே பதித்து ஊருக்கெல்லாம் வழங்கினர் அந்நாட்டுக் கலைஞர்கள்.

அத்தகைய படங்களுள் ஒன்று 1661ஆம் ஆண்டில் செதுக்கப்பட்டது. அகன்ற வெண்ணிறக் கழுத்துப்பட்டை, தோள்வரை இறங்கும் கூந்தல், மெல்லிய மீசை, பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் கண்கள், உதட்டோரத்தில் சிரிப்பா, சிந்தனையா என்று சொல்ல முடியாத ஒரு நெளிவு. பிரான்சு நாட்டின் கருவூலமே தன் கையில் இருக்கிறது என்ற நிறைவு அந்த முகத்திலே தெரிகிறது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்த முகத்துக்கு உரியவர் கைதியாகி விட்டார். அதன் பின் 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், ஒரு நாள்கூட அவர் விடுதலைக் காற்றைச் சுவாசிக்கவில்லை.

அவர்தான் நிக்கோலா ஃபூக்கே. பதினான்காம் லூயி மன்னரின் நிதிக் கண்காணிப்பாளர். அவருடைய வாழ்வு ஏற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் எடுத்துக்காட்டு. அதனினும் மேலாக, ஆட்சியாளரின் சினத்துக்கு நடுவே நீதி எவ்வளவு தூரம் நிமிர்ந்து நிற்க முடியும் என்பதற்கு அது ஒரு சோதனை.

தகடும் உளியும்

முதலில் அந்தப் படத்தைச் செதுக்கியவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் பெயர் ரொபேர் நாந்தேய். ரேம்ஸ் நகரில் பிறந்தவர். பாரிசுக்கு வந்து முகம் வரைவதில் தேர்ந்து, 1658இல் மன்னரின் ஓவியராகவும் செதுக்குக் கலைஞராகவும் அமர்ந்தவர். 1678இல் மறையும் வரையில் இருநூறுக்கும் மேற்பட்ட முகங்களைச் செம்பில் செதுக்கியிருக்கிறார்.

அவருடைய வேலைமுறை அறிவியல் மாணவர்க்கும் சுவை தருவது. முதலில் உரியவரை எதிரே அமர வைத்து, வண்ணக் கட்டியாலோ கரிக்கோலாலோ முகத்தை நேரில் வரைந்து கொள்வார். பிறகு மெருகிட்ட செப்புத் தகட்டின் மேல், கூர்முனை கொண்ட எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் கோடுகளை வெட்டுவார். இம்முறையில் அமிலத்துக்கு வேலை இல்லை; செம்பைச் சுரண்டி எடுப்பது கையின் வலிமையே. கன்னத்தின் மென்மைக்குச் சிறு புள்ளிகளும் குறுங்கோடுகளும். கறுத்த உடைக்கு நெருங்கிய நெடுங்கோடுகள். கோடு ஆழமானால் மை மிகுதியாகத் தங்கும், நிழல் கறுக்கும். ஆழம் குறைந்தால் மை குறையும், ஒளி கூடும். தகடு முழுதும் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து விட்டால், பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்து உருளைகளுக்கு இடையே செலுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறும். தகட்டில் இடமாக இருப்பது தாளில் வலமாகத் தோன்றும். எனவே எதையும் திருப்பியே சிந்திக்க வேண்டியவர் செதுக்குபவர்.

வண்ண ஓவியம் ஒரு மாளிகைச் சுவரிலே தொங்கும். தகட்டுப் படமோ ஒன்று பலவாகப் பெருகி, நண்பர் வீட்டுக்கும் நூலகத்துக்கும் கடைத் தெருவுக்கும் போய்ச் சேரும். பதவியில் இருப்பவரின் புகழை அது பரப்பியது. பதவி போன பிறகும் அழியாமல் நின்றது.

அணிலைச் சின்னமாகக் கொண்ட குடும்பம்

ஃபூக்கே 1615ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் பாரிசில் பிறந்தார். துணி வாணிகத்தில் பொருள் சேர்த்து, பின்பு சட்டமும் பதவியும் தேடி உயர்ந்த குடும்பம் அது. அக்காலப் பிரான்சில் நீதிமன்றப் பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கலாம், விற்கலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். உழைப்பால் பொருள் சேர்த்த வணிகக் குடும்பங்கள் உயர்குடியாக மாறியது இந்த ஏணியின் வழியாகத்தான்.

ஃபூக்கே என்ற சொல்லுக்கு அவர்கள் முன்னோர் வாழ்ந்த பகுதியின் வட்டார வழக்கில் அணில் என்று பொருள். ஆகவே குடும்பச் சின்னத்தில் அணில் இடம் பெற்றது. எந்த உயரத்துக்குத்தான் ஏற முடியாது என்று வினவும் இலத்தீன் வாசகமும் அதனோடு சேர்ந்தது. கொம்புக்குக் கொம்பு தாவும் அணிலுக்கு அந்த வாசகம் பொருந்தும். மனிதனுக்குப் பொருந்துமா என்பதைக் காலம் பின்னர் சொல்லியது.

தாயார் மரீ தெ மோப்பு அறப்பணியில் சிறந்தவர். ஏழை நோயாளிகளுக்குத் தம் கையாலேயே மருந்து தயாரித்துக் கொடுத்தவர். அவருடைய வீட்டு மருத்துவக் குறிப்புகள் பின்னர் நூலாகி, பல பதிப்புகள் கண்டன. பெண் மக்களில் பலர் கன்னியர் மடம் புகுந்தனர். இத்தகைய பக்தியும் ஈகையும் நிறைந்த வீட்டில்தான் ஆடம்பரத்தின் அரசர் என்று பேரெடுத்த மகனும் வளர்ந்தார்.

இயேசு சபைத் துறவியரிடம் கல்வி கற்று, சட்டம் பயின்று, இருபத்தோரு வயதளவிலேயே அரசுப் பணியில் உயர்ந்த படியை அடைந்தார் ஃபூக்கே. 1640இல் மணம் புரிந்தார். மறு ஆண்டே மனைவியை இழந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் மறுமணம் செய்து கொண்டார். 1650இல் பாரிஸ் பாராளுமன்றம் எனப்பட்ட உயர்நீதிமன்றத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியை விலை கொடுத்துப் பெற்றார். இந்தப் பதவியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் உயிரே இதில்தான் தொங்கியது.

கருவூலத்தின் திறவுகோல்

1648 முதல் 1653 வரை பிரான்சு உள்நாட்டுக் கலகத்தில் தவித்தது. மன்னர் லூயி அப்போது சிறுவர். ஆட்சியை நடத்திய முதலமைச்சர் கார்டினல் மசாரின் இருமுறை நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. பலர் கட்சி மாறிய அந்நாளில் ஃபூக்கே மாறவில்லை. மசாரின் இல்லாதபோது அவருடைய உடைமைகளையும் காத்தார். அந்த நன்றிக்குப் பரிசாக 1653இல் நிதிக் கண்காணிப்பாளர் பதவி வந்தது. முதலில் அபெல் செர்வியேன் என்பவருடன் கூட்டாக. 1659இல் அவர் மறைந்த பின் தனியாக.

அந்தப் பதவி மலர்ப்படுக்கை அன்று. ஸ்பெயின் நாட்டுடன் நடந்த போர் 1659 வரை ஓயவில்லை. படைக்குப் பணம் வேண்டும், கருவூலமோ காலி. உயர்குடியினர் நிலவரி செலுத்துவதில்லை. உழவரோ ஏற்கெனவே உப்பு வரியாலும் நிலவரியாலும் நொந்து கிடந்தனர். வரி தண்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் முன்பணம் கொடுத்தால்தான் அரசு நடக்கும். அரசின் சொல்லை நம்பிக் கடன் கொடுக்க எவரும் துணியவில்லை. ஃபூக்கேயின் சொல்லை நம்பினர். எனவே அவர் தம் பெயரில் கடன் வாங்கி அரசுக்குக் கொடுத்தார். பிறகு அரசுப் பணத்திலிருந்து தமக்கு எடுத்துக் கொண்டார். எது அரசின் பணம், எது அவர் பணம் என்ற வேலி இவ்வாறு அழிந்தது.

இதில் அவர் பயன் பெற்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் மட்டுமா பெற்றார்? அவருக்கு மேலே இருந்த மசாரின் 1661 மார்ச் 9ஆம் நாள் இறந்தபோது விட்டுச் சென்ற செல்வம் ஏறத்தாழ 3.5 கோடி லிவர். அந்நாளைய பிரான்சில் தனி மனிதர் எவரும் அவ்வளவு சேர்த்ததில்லை. அந்தச் செல்வத்தைக் கவனித்து வந்த கணக்கர் யார் தெரியுமா? ழான் பப்திஸ்த் கோல்பேர். ஃபூக்கேயின் கணக்குகளில் குற்றம் கண்டு மன்னரின் காதில் ஓதியவரும் அவரேதான்.

வோ மாளிகையின் ஓர் இரவு

பாரிசுக்குத் தென்கிழக்கே மெலன் நகருக்கு அருகில் ஃபூக்கே கட்டிய மாளிகை வோ லெ விகோந்த். கட்டடக் கலைஞர் லூயி லெ வோ, ஓவியர் ஷார்ல் லெ ப்ரன், தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் ஆகிய மூவரையும் ஒரே பணியில் இணைத்த பெருமை அவருக்கே உரியது. கவிஞர் லா ஃபோந்தேன் அவர் ஆதரவில் வாழ்ந்தார். எழுத்தாளர் பெலிசோன் அவர் செயலாளராக இருந்தார். கலைஞனை அடையாளம் கண்டு ஆதரிக்கும் கண் அவருக்கு இருந்தது.

1661 ஆகஸ்ட் 17ஆம் நாள் மன்னரை அங்கே விருந்துக்கு அழைத்தார். நீரூற்றுகள் ஆடின; வாணவேடிக்கை வானை நிறைத்தது. மோலியேர் பதினைந்தே நாளில் எழுதி ஒத்திகை பார்த்த புதிய நாடகம் அன்றுதான் முதன்முதலாக அரங்கேறியது. மன்னருக்கு வயது 22. தம் அரண்மனையில் இல்லாத அழகெல்லாம் தம் அலுவலர் வீட்டில் இருப்பதை அவர் கண்டார்.

அந்த இரவின் பொறாமைதான் ஃபூக்கேயை வீழ்த்தியது என்று கதை சொல்வார்கள். கதை இனியதுதான், ஆனால் முழு உண்மை அன்று. மன்னர் அதற்குப் பல வாரங்கள் முன்பே முடிவெடுத்து விட்டார். மசாரின் இறந்ததும், இனி முதலமைச்சர் எவரும் இல்லை, நானே ஆள்வேன் என்று அறிவித்தவர் அவர். அந்த இடத்தை எதிர்பார்த்த ஃபூக்கேயோ கடற்கரையில் பெல் ஈல் தீவை வாங்கி, கோட்டையை வலுப்படுத்திக் கொண்டிருந்தார். இளம் மன்னருக்கு அச்சம் வர இது போதும். பொறிக்குள் விழப்போகும் விலங்குக்கு முன்னால் விருந்து இருப்பது வழக்கம். இங்கே விருந்தைப் படைத்ததே விலங்குதான்.

இன்னொன்றும் நடந்தது. தலைமை அரசு வழக்கறிஞர் பதவியில் இருப்பவரை உயர்நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பது மரபு. அங்கே அவருக்கு நண்பர்கள் பலர். அந்தப் பதவியை விற்று மன்னருக்குப் பணம் கொடுத்தால் மன்னர் மகிழ்வார் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் விதைக்கப்பட்டது. அவரும் அதை 14 லட்சம் லிவருக்கு விற்று, 10 லட்சத்தை மன்னரிடம் கொடுத்தார். தம் கேடயத்தைத் தாமே கழற்றிக் கொடுத்தார்.

செப்டம்பர் 5ஆம் நாள், பிரித்தானி மாநிலத்தின் நாந்த் நகரில் அரசவைக் கூட்டம் முடிந்து அவர் வெளியே வந்தார். துப்பாக்கிப் படைத் துணைத் தலைவர் தார்த்தன்யான் அவரை வழிமறித்துக் கைது செய்தார். பின்னாளில் நாவலில் நாயகராகிய அதே தார்த்தன்யான்தான். அன்று மன்னரின் பிறந்த நாள். அவருக்கு வயது 23 நிறைந்தது.

மூன்று ஆண்டு வழக்கு

ஃபூக்கேயை விசாரிக்கத் தனி நீதிமன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. நீதிபதிகளை அரசு தேர்ந்தெடுத்தது. தலைமை தாங்கியவர் சான்சலர் பியேர் செகியே. கைப்பற்றிய ஆவணங்களைக் கோல்பேரின் ஆட்கள் கையாண்டனர், சில மறைந்தன. குற்றச்சாட்டுகள் இரண்டு: அரசுப் பணத்தைக் கையாடியது, அரசுக்கு எதிராகச் சதி செய்தது. சதிக்குச் சான்றாக அவருடைய வீட்டில் கிடைத்த பழைய தாள் ஒன்றைக் காட்டினர். தாம் கைதானால் நண்பர்கள் எந்தக் கோட்டைகளைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அனைவரும் நினைத்தது, சில வாரங்களில் தலை உருளும் என்று. ஆனால் ஃபூக்கே சட்டம் படித்தவர். பணமும் பதவியும் போன பிறகும் படிப்பு போகவில்லை. தம்மைத் தாமே வாதாடிக் கொண்டார். அவருடைய எதிர்வாதங்கள் ரகசியமாக அச்சேறி நாடெங்கும் பரவின. தாம் செலவழித்ததெல்லாம் மசாரினின் ஆணைப்படியே என்றார். அந்தத் தாள் ஓர் அச்சத்தில் எழுதி மறந்து விட்ட கிறுக்கல் என்றார். அரசுக்கு எதிரான குற்றம் என்பது, உயர்பதவியில் இருந்துகொண்டே கலகக்காரர் பக்கம் சேர்ந்து, பகைவர் படைக்கு வழி திறந்து விடுவது என்று அவர் விளக்கியபோது மன்றம் அமைதியானது. கலகக் காலத்தில் அவ்வாறு நடந்து கொண்டவர் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்த செகியேதான் என்பதை அறியாதவர் அங்கே இல்லை.

ஊர் மனமும் மாறத் தொடங்கியது. வரிச்சுமைக்காக அவரைச் சபித்த மக்களே இரங்கினர். சிறையில் அடைபட்ட நிலையிலும் பெலிசோன் தம் தலைவருக்காக எழுதினார். லா ஃபோந்தேன் கருணை வேண்டிக் கவிதை பாடினார். செவீஞே சீமாட்டி வழக்கின் ஒவ்வொரு நாளையும் கடிதங்களில் பதிவு செய்தார். 1664 நவம்பரில் அரசி கடுமையாக நோயுற்றபோது, ஃபூக்கேயின் தாயார் தந்த மருந்துப் பற்றினால் நலம் பெற்றார். அந்தத் தாய் மகனுக்காக மன்னரிடம் மன்றாடினார். மன்னர் இளகவில்லை.

வழக்கை ஆய்ந்து அறிக்கை அளிக்கும் பொறுப்பு ஒலிவியே லெஃபெவ்ர் தொர்மெசோன் என்ற நீதிபதிக்கும் வந்தது. அரசு அவரை நெருக்கியது. அவர் வகித்த மாநில நிர்வாகப் பதவியைப் பறித்தது. அவரோ ஒவ்வொரு குற்றச்சாட்டையும் பொறுமையாக எடைபோட்டார். ஃபூக்கே நிதியைத் தவறாகக் கையாண்டார் என்பது உண்மை. ஆனால் சாவுக்குரிய குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு சொன்னார். 1664 டிசம்பர் 20ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. மரண தண்டனைக்கு 9 பேர். நாடு கடத்தலுக்கும் சொத்துப் பறிமுதலுக்கும் 13 பேர். ஃபூக்கேயின் தலை தப்பியது.

தண்டனையைக் குறைப்பது மன்னரின் உரிமை. லூயி அந்த உரிமையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். நாடு கடத்தலை ஆயுள் சிறையாக உயர்த்தினார். நீதிபதிகளின் 13 வாக்குகளை ஒரே கையெழுத்து வென்றது.

தொர்மெசோனுக்கு அதன்பின் உயர்பதவி எதுவும் கிட்டவில்லை. ஆனால் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு விளக்காக உள்ளது.

பினெரோல் கோட்டை

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், இன்று இத்தாலியில் உள்ள பினெரோல் கோட்டையில் ஃபூக்கேயை அடைத்தனர். பேனாவும் மையும் தாளும் மறுக்கப்பட்டன. அவரோ கோழி எலும்பைப் பேனாவாக்கினார்; புகைக்கரியை மதுவில் குழைத்து மையாக்கினார்; துணியில் எழுதினார். கண்டுபிடித்துப் பறித்தனர். 1665இல் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்தது. சுவர்கள் சரிந்தும், சன்னல் மாடத்தில் நின்ற அவர் உயிர் தப்பினார். இரும்பு முகமூடி மனிதன் என்று உலகம் இன்றும் வியந்து பேசும் மர்மக் கைதி, அதே கோட்டையில் சில ஆண்டுகள் அவருக்குப் பணியாளாக இருந்தார்.

மனைவி மக்களைப் பார்க்க 1679இல்தான் இசைவு கிடைத்தது. அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 1680 மார்ச் 23ஆம் நாள், அறுபத்தைந்தாம் வயதில் சிறையிலேயே மறைந்தார். மறு ஆண்டு அவர் உடல் பாரிசில் அடக்கம் செய்யப்பட்டது.

வோ மாளிகையைக் கட்டிய மூவரையும் மன்னர் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு அழைத்துக் கொண்டார். அங்கிருந்த ஆரஞ்சு மரங்கள்கூட அரச தோட்டத்துக்குப் போயின. கோல்பேர் நிதித்துறையின் தலைவரானார். திறமையும் உழைப்பும் மிக்க அவர், கணக்குகளைச் சீர்படுத்தித் தொழில்களை வளர்த்தார். ஃபூக்கேயின் தீர்ப்பு வெளிவந்த அதே 1664ஆம் ஆண்டில் அவர் நிறுவிய கிழக்கிந்தியக் கம்பெனிதான், பத்து ஆண்டு கழித்து நம் புதுச்சேரியில் கால் பதித்தது. ஆனால் 1683இல் அவர் இறந்தபோது, வரிச்சுமையால் கொதித்த மக்களுக்கு அஞ்சி, இரவு நேரத்தில் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

ஒரே உளி செதுக்கிய முகங்கள்

மீண்டும் நாந்தேயின் தகடுகளுக்கு வருவோம். அவர் ஃபூக்கேயை மட்டும் செதுக்கவில்லை. மசாரினைச் செதுக்கினார். கோல்பேரைச் செதுக்கினார். செகியேயைச் செதுக்கினார். பதினான்காம் லூயியையும் பலமுறை செதுக்கினார். பொருள் குவித்தவர், குற்றம் சாட்டியவர், குற்றம் சாட்டப்பட்டவர், தீர்ப்பு மன்றத்தின் தலைவர், தீர்ப்பைத் திருத்தியவர் ஆகிய ஐவரும் ஒரே உளியின் கீழ் அமர்ந்தவர்கள். அந்த உளி எவரிடமும் பகைமை காட்டவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் உரிய ஒளியையும் உரிய நிழலையும் அளந்து கொடுத்தது.

ஃபூக்கே குற்றமற்றவரா? அல்லர். பொதுப்பணத்துக்கும் தம் பணத்துக்கும் இடையே இருந்த வேலியை அவர் மதிக்கவில்லை. வோ மாளிகையின் ஒவ்வொரு கல்லிலும் ஏழை உழவரின் உப்பு வரி கலந்திருந்தது என்பதை மறக்கலாகாது. அவருக்கு நிகழ்ந்தது நீதியா? அதுவும் அன்று. அதே குற்றத்தை அவரினும் பெரிதாகச் செய்த மசாரின் அரச மரியாதையுடன் போனார். ஒரு முறையின் பாவம் முழுவதையும் ஒருவர் தலையில் சுமத்தி, மற்றவர் கைகழுவிக் கொண்டனர். இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது எளிது. அப்படிச் செய்வது, ஒளியை மட்டும் வைத்து நிழலின்றிப் படம் செதுக்குவது போன்றது. அதில் முகம் தெரியாது.

இந்த வரலாற்றில் அரண்மனை கட்டியவரையும் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவரையும் உலகம் அறியும். பதவி போகும் என்று தெரிந்தும் ஆவணங்களைப் பொறுமையாகப் படித்து, குற்றத்தைக் குற்றம் என்றும், பொய்யைப் பொய் என்றும் பிரித்துச் சொன்ன அந்த நீதிபதியை அறிந்தவர் குறைவு. நாளை அலுவலகங்களிலும் மன்றங்களிலும் அமரப் போகும் நம் தலைமுறை நினைவில் வைக்க வேண்டிய பெயர் தொர்மெசோன் என்பதே. மன்னர் வலிமை மிக்கவர்தான். ஆனாலும் அவர் விரும்பிய தலையைப் பெற முடியாமல் போனதற்கு, நடுநிலை தவறாத சில மனிதர்களே காரணம்.